முகூர்த்தக் கால் சிவந்த பங்குனி

எங்கள் வீட்டு முன்மூலையில் நிற்கிற மரத்தைக் கல்யாண முருங்கை என்று சொல்லுவோம். உடம்பெல்லாம் முள்ளாக இருப்பதால் முள்முருங்கை என்றும் சொல்லுவதுண்டு. சளி பிடித்தால் அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுக் கொடுப்பார்கள். ஆட்டுக்கு அந்தத் தழை என்றால் உயிர். தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு அந்த மரத்தைப் பற்றி அந்தக் காலத்தில் தெரிந்தது அவ்வளவுதான். அது பூக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் இப்போது சிரிப்பு வரும், ஆனால் அதுதான் நிஜம்.

அதற்குக் காரணம் எங்கள் பழக்கம். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தக் காலோடு கல்யாண முருங்கைக் கொம்பு ஒன்றையும் சேர்த்துக் கட்டுவோம். கல்யாணம் முடிந்ததும் அந்தக் கொம்பை வீட்டு வாசல் பக்கம் நட்டு, புதுப்பெண் தண்ணீர் ஊற்றுவாள். கொம்பு துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்பது நம்பிக்கை. அடுத்த வீட்டில் கல்யாணம் வந்தால் கொம்புக்கு எங்கே போவார்கள்? முந்தி கல்யாணம் ஆகி, கையில் பிள்ளையோடு நல்லபடியாக இருக்கிறவர்கள் வீட்டு மரத்தில்தான் வெட்டுவார்கள். தை பிறந்தால் கல்யாணம். ஆகவே தையிலும் மாசியிலும் தெருவில் இருக்கிற மரங்களெல்லாம் மொட்டையாகிவிடும். மிச்சம் இருக்கிற கிளையை ஆடு வளர்க்கிறவர்கள் ஒடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பங்குனி வரைக்கும் கிளையோடு நின்ற கல்யாண முருங்கையை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. என் அத்தையும் பார்த்ததில்லை.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்காள். தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். துறைமுகத்துக்குப் போகிற வழியில், வீட்டின் முன்பக்கத்தையே கடையாக வைத்துப் பலசரக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். தோணிக்காரர்கள் கடலுக்குப் போகிறபோது அரிசி, பருப்பு, கருப்பட்டி எல்லாம் என்னிடம்தான் வாங்குவார்கள். நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல் படித்தவனில்லை. திருச்செந்தூர் முருகன்தான் எங்களுக்கு எல்லாம். பன்னீர் இலையில் மடித்துத் தருகிற விபூதியை வாங்கி வந்து கடைப் பெட்டியில் வைத்திருப்பேன். அதைப் பூசாமல் கடை திறந்தது கிடையாது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் ஒரு தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண், திருச்செந்தூருக்கு மேற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம். பெண் பார்த்துவிட்டு வந்ததும் அத்தை எங்கள் தெருக்கோடி முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எங்களுக்கு வெள்ளைதான் வந்தது.

கொம்பும் துளிர்த்தது. அதில் ஒரு சிறு சங்கதி உண்டு. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொம்புக்கு ஊற்ற வேண்டும் என்பது முறை. முதல் நாள் ஒரு வாய் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த என் மனைவி, "இதைக் குடிச்சா கொம்பு எப்படிப் பிழைக்கும்?" என்றாள். முறைக்கு ஒரு கை கிணற்றுத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, தெருக்குழாய்த் தண்ணீரில் அரிசி களைந்து, அந்தக் கழனித் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். அது முதற்கொண்டு எங்கள் வீட்டு அரிசி களைந்த தண்ணீர் மரத்துக்குத்தான்.

மரம் வளர்ந்தது. ஓட்டுக்கு மேலே போயிற்று. எங்களுக்குப் பிள்ளை மட்டும் இல்லை.

மறு தை வந்தது. தெருவில் கல்யாணம். எங்கள் வீட்டு மரம் கண்ணுக்கு முன்னால் நிற்க, அதைத் தாண்டிப் போய் எங்கேயோ கொம்பு வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த தையிலும் அப்படியே. கல்யாண வீடுகளில் முகூர்த்தக் காலுக்குத் தண்ணீர் ஊற்றச் சுமங்கலிகளைக் கூப்பிடுவார்கள். என் மனைவியைக் கூப்பிடுவதில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு நாலு ஆடு. அவள்கூட எங்கள் மரத்தில் தழை ஒடிக்க மாட்டாள். "பிள்ளையில்லா வீட்டு மரத்துத் தழையைத் தின்னா என் ஆடு சினை பிடிக்காதுளா" என்று குழாயடியில் சொல்லியிருக்கிறாள். என் மனைவி வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு, "ஆட்டுக்குப் பயந்து மரம் பிழைச்சுது. போகட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

சண்டை முடிந்த பிறகு வந்த தையில் மரம் தன் இலையை எல்லாம் கொட்டிவிட்டது. முந்தின வருஷங்களில் கொஞ்சம் உதிர்க்கும், நுனியில் நாலு இலை நிற்கும். இந்தத் தடவை ஒன்றுகூட இல்லை. மாசியில் கிளை நுனிகளெல்லாம் கறுத்துப்போய், நெருப்பில் காட்டி எடுத்த மாதிரி ஆகிவிட்டன. கீழே நின்று பார்த்தால் வெறும் முள்ளும் கரியும்தான்.

அத்தை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இங்கன வா. கொம்பு பட்டுப்போச்சு, பாத்தியா?"

"கடக்காத்து பட்டிருக்கும் அத்தை. துளிர்த்துரும்."

"நுனி கருகினது எங்கனலே துளிர்க்கும்? பட்ட முகூர்த்தக் காலை வாசல்ல வச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. பிடுங்கிப் போடு. உங்க அப்பன் வம்சத்துல நீ ஒருத்தன்தான் மிச்சம். என் கொழுந்தன் மக இருக்கா. அவளைக் கட்டு. புதுக்கொம்பு நடுவோம்."

அந்தக் காலத்தில் ஒருத்தி இருக்கையிலேயே இன்னொருத்தியைக் கட்டுவது ஊரில் நடக்கிற காரியம்தான், சட்டமும் தடுக்கவில்லை. நான் முடியாது என்று சொன்னேன். அத்தை சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். ஒரு கை விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, "சரிலே. நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். பங்குனி உத்திரத்தன்னைக்குப் பூக்கட்டிப் பாப்போம். அவன் சொல்லட்டும்" என்றாள்.

முருகன் முன்னால் கேட்கலாம் என்று பெற்றவளுக்குச் சமானமானவள் சொல்லுகிறாள். வேண்டாம் என்றால் முருகனை நம்பவில்லை என்று ஆகும். வெள்ளை வந்தால் மீற முடியாது. மீறினால் நான் விபூதி பூசி என்ன பிரயோஜனம்?

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள். அத்தைக்கு எதிரே நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"வெள்ளை வந்தா அந்தப் பொண்ணுக்கு நானே ஆரத்தி எடுக்கேன், அத்தை. ஆனா உத்திரம் வரைக்கும் கொம்பை ஒருத்தரும் தொடக்கூடாது. அது நான் தண்ணி ஊத்தினது."

"பட்ட கட்டைக்குக் காவலாளா?"

"நகத்தால கீறிப் பாத்தேன். உள்ள பச்சையாத்தான் இருக்கு."

"வாழைத்தண்டுகூட வெட்டிப் போட்ட பிறகும் பச்சையாத்தான் இருக்கும்" என்று அத்தை ஒரே போடாகப் போட்டாள். ஆனாலும் உத்திரம் வரைக்கும் தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டாள்.

அப்புறம் எனக்கு ஒவ்வொரு நாளும் கடையில் உட்கார்ந்து மரத்தைப் பார்க்கிறதுதான் வேலை. எடை போடுகிற கை போட்டுக்கொண்டிருக்கும், கண் மேலே இருக்கும். "என்ன அண்ணாச்சி, வானத்துலயா பருப்பு நிறுக்கிய?" என்று தோணித் தண்டல் ஒருவர் கேலி செய்வார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். காயல்பட்டினத்துக்காரர், என்னிடம் வெகுகாலமாகச் சரக்கு எடுக்கிறவர், குடும்பத்து விஷயமெல்லாம் அறிந்தவர்.

அவர் உட்கார்ந்திருந்த ஒரு பகல்பொழுதில்தான் கல்லூரி வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். கடல்பாசி பொறுக்கிக் காட்டுவதற்காக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் நனைந்த வேட்டியோடு வந்து சோடா கேட்டார். செடி கொடி மரத்தைப் பற்றிப் பாடம் சொல்லுகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. மரத்தைக் காட்டினேன்.

"ஐயா, இதுக்கு உங்க புஸ்தகத்துல ஏதாவது பேர் உண்டா?"

அவர் குப்பியை வாயிலிருந்து எடுக்காமலே கண்ணை மட்டும் திருப்பினார். முள்ளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"உண்டே. எரித்ரினா இண்டிகா."

"அப்படின்னா?"

"எரித்ரினான்னா சிவப்பு. கிரேக்க பாஷையிலேர்ந்து வந்தது. இண்டிகான்னா இந்தியாவுக்கு உரியது. இந்தியாவோட சிவப்பு மரம்னு வச்சுக்குங்களேன். இங்கிலீஷ்காரன் பவள மரம்னே சொல்லுவான்."

தண்டல் விடவில்லை. "பவளமா? எங்க ஊர்ல பவளக்கல்லை வச்சுத்தான் சொவர் கட்டுதோம் சார். தீவுலேர்ந்து நாங்கதான் ஏத்திட்டு வாரோம். அது வெள்ளையால்லா இருக்கு! இந்த மரத்துல எங்கன இருக்கு சிவப்பு? இலை பச்சை, முள்ளு கறுப்பு."

"பேர் வச்சவன் பூவைப் பார்த்துட்டுத்தானே வச்சிருப்பான்" என்றார் வாத்தியார். நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் கரையிலிருந்து பையன்கள் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஏறுகிறதாம். குப்பியை வைத்துவிட்டுப் போனவர்தான், பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பூவைப் பார்த்துட்டுத்தானே வச்சிருப்பான். எங்கேயோ பிறந்த ஒருத்தன் இந்த மரத்தைப் பார்த்திருக்கிறான். முள் இருக்கிறதே, முள் மரம் என்று அவன் பேர் வைக்கவில்லை. பச்சை என்று வைக்கவில்லை. சிவப்பு என்று வைத்திருக்கிறான். அப்படியானால் அவன் கண்ணை நிறைக்கிற அளவுக்கு இது சிவந்திருக்க வேண்டும். எங்கள் முருகனும் சிவந்தவன்தானே. சேயோன் என்றால் சிவந்தவன் என்று கோயிலில் கதை சொல்லுகிறவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சாப்பிடுகிறபோது இரண்டு பேருக்கும் சொன்னேன். "அத்தை, இது பூக்கிற மரமாம். சிவப்பாப் பூக்கும். பேரே அதுதானாம்."

அத்தை மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஏலே, பேர்ல என்ன இருக்கு? எங்க அப்பா எனக்கு வச்ச பேரைப் பாத்தா நான் இந்நேரம் அரமனையில இருக்கணும். உனக்கு மோர் ஊத்திக்கிட்டு இருக்கேன்."

என் மனைவிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க, அது என்ன பேரு?" என்று கேட்டாள். சொன்னேன். வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் கழனித் தண்ணீர் ஊற்றுகையில் அவள் உதடு அசைந்தது. கந்தா முருகா என்று சொல்லுகிறவள், அதோடு சேர்த்து அந்தக் கிரேக்கப் பேரையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்தது. மரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கறுத்த நுனிகள் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே வந்தன. பூச்சி அரித்துப் புடைக்கிறது என்றாள் எதிர்வீட்டு அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தையின் கொழுந்தன் வீட்டிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். உத்திரத்துக்கு முந்தின நாள் அத்தை நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துத் தண்ணீர் தெளித்து வைத்தாள். என் மனைவி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்து உதறி, திரும்ப மடித்து உள்ளே வைத்ததை நான் பார்த்தேன்.

உத்திரத்தன்று விடிய, பறவைச் சத்தத்தில் கண் விழித்தேன். கொஞ்ச நஞ்சச் சத்தம் இல்லை. காக்காயும் மைனாவும் கிளியும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு ஓட்டின் மேல் இறங்கி ஏறுகிற சத்தம். கோலம் போடப் போன என் மனைவி வாசலிலிருந்து, "இங்கன வாங்களேன்! வாங்களேன்!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

மரம் முழுக்கச் சிவப்பு.

ஒரு இலை இல்லை. கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி, கொத்துக் கொத்தாகச் சிவப்பு. நாங்கள் கருகல் என்று நினைத்தது மொட்டுகளுடைய மேல்தோல். அது பிளந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. கிழக்கே கடலுக்கு மேலே சூரியன் கிளம்புகிற நேரம். அந்த வெளிச்சம் பட்டதும் பவளத்தால் செய்த குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. பறவைகள் தேன் குடிக்கிற அவசரத்தில் பூவைக் கீழே உதிர்த்தன. என் மனைவி போட்ட பாதிக் கோலத்தின் மேல் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது.

"முருகா!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன்.

தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா ஆட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "இந்த மரம் பூக்குமா? எங்க வீட்ல பத்து வருசமா நிக்குதே, பூக்கலையே?"

"உங்க வீட்டு மரத்தை எங்க பூக்க விட்டிய?" என்றாள் என் மனைவி. "தைக்கு ஒரு கொம்பு, மாசிக்கு ஒரு கொம்பு, மிச்சம் ஆட்டுக்கு. எங்க மரத்தை ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லிட்டிய. அதான் பூத்திருக்கு."

அது எனக்கே அப்போதுதான் விளங்கிற்று. தெரு முழுவதும் எங்களை ஒதுக்கியதால்தான் எங்கள் மரத்தில் கத்தி படவில்லை. கத்தி படாததால் பூ வந்திருக்கிறது. அவமானம் என்று நாங்கள் நினைத்துக் குமைந்ததைக் கொண்டே முருகன் மரத்துக்கு வேலி போட்டு வைத்திருக்கிறான்.

அத்தை குளித்து, ஈரத்தலையோடு, பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

அத்தை குனிந்து கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு இதழ் மட்டும் பெரிதாக வளைந்து நிமிர்ந்திருந்தது.

"சேவக்கொண்டை மாதிரில்லாலே இருக்கு" என்றாள் மெதுவாக. அப்புறம் சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி: "முருகன் கொடியில இருக்கிற சேவலோட கொண்டைலே! என் வீட்டு வாசல்ல வந்து கொடி ஏத்தியிருக்கான், பாருங்க!"

நான் கிரேக்கத்தையும் சேயோனையும் வைத்துக்கொண்டு என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. தண்டலோ வாத்தியாரோ நானோ காணாததை என் அத்தை ஒரே பார்வையில் கண்டுவிட்டாள்.

"நேரமாகுது அத்தை, கோயிலுக்குப் போகலையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"போகணும். அர்ச்சனை பண்ணப் போகணும். பூக்கட்டிப் பாக்கதுக்கு இனிமே என்னளா இருக்கு? நாம கட்டுமுன்ன அவனே பூவைக் கட்டி, அவனே பிரிச்சுக் காட்டிட்டான். கூடாதுங்கான். சிவப்பு இவ்வளவு கொடுத்த பிறகும் புரியலேன்னா நான் என்ன மனுசி?"

இரண்டு பொட்டலத்தையும் அத்தை அங்கேயே பிரித்தாள். வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்து மரத்தடியில் போட்டாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து, ஈரச் சேலையோடு அணைத்துக்கொண்டாள். "கட்டைக்குக் காவலான்னு கேட்டேன்லா. காவல் இருந்துட்டியே, எங்க அம்மா" என்றாள். கொழுந்தன் வீட்டுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி, வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

கடைக்கு வந்த தண்டல் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அல்லா, இது நிஜப் பவளம்தான் அண்ணாச்சி. நாங்க ஏத்திட்டு வாரதுதான் சுண்ணாம்புக்கல்லு" என்றார். ஒரு கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தோணியில் கட்டினார். அன்றைக்குத் துறைமுகத்திலிருந்து எத்தனையோ பேர் எங்கள் வீட்டு மரத்தைப் பார்க்க வந்தார்கள். எல்லாருக்கும் நான் அந்தப் பேரைச் சொன்னேன். எரித்ரினா என்றால் சிவப்பு, இண்டிகா என்றால் இந்தியாவோடது. சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அஞ்சாம் வகுப்புக்காரன் கிரேக்கம் பேசுகிறான் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிள்ளைகள் எங்களுக்குப் பிற்பாடு பிறந்தார்கள். அதற்கும் பூவுக்கும் நான் முடிச்சுப் போட மாட்டேன். அவன் கொடுக்கிற நேரத்தில் கொடுத்தான்.

பூ உதிர்ந்து மரம் பச்சை பிடித்த வைகாசியில் எதிர்வீட்டு அக்கா தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். வெற்றிலை பாக்கோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். கண்ணை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை. "ஏளா, தப்பா நினைக்காத. எம்புள்ள கல்யாணத்துக்கு உன் மரத்துல ஒரு கொம்பு வேணும்."

"எடுத்துக்கிடுங்க அக்கா. நல்ல கொம்பாப் பாத்து எடுங்க. ஆனா ஒண்ணு. நட்ட பிறகு, வெட்டுறதா இருந்தா பூ உதிர்ந்த பிறகு வெட்டணும். ஆட்டுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"ஆட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அதுக்கு சினை பிடிக்கும்னு சொல்லுங்க."

அக்கா வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். அத்தை உள்ளே இருந்து அதற்கு மேல் சிரித்தாள்.

கல்யாணத்தன்று எங்கள் மரத்துக் கொம்பு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பந்தலில் நின்றது. தண்ணீர் ஊற்றச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். என் மனைவி பழக்கத்தில் ஒதுங்கிச் சுவர் ஓரமாக நின்றாள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையில் செம்பைக் கொடுத்தாள். "முதல் தண்ணி இவ ஊத்தட்டும்" என்றாள். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த அந்தக் கல்யாணச் சேலையைத்தான் என் மனைவி அன்றைக்குக் கட்டியிருந்தாள். செம்பைத் தூக்கி ஊற்றினாள். அவள் உதடு அசைந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன். என்ன சொல்லுகிறாள் என்று எனக்குத் தெரியும்.